மெயில் சர்வரில் யார் பெட்டியை யார் திறக்கிறார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி

"என் மெயிலை வேறு யாரோ படிக்கிறார்கள் போலிருக்கிறது, யார் என்று பார்த்துச் சொல்லுங்கள்." சர்வரைப் பார்த்துக்கொள்ளும் எல்லோரிடமும் என்றாவது ஒரு நாள் யாராவது இப்படி வந்து நிற்பார்கள். என்னிடம் வந்தபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. யார் எப்போது நுழைந்தார்கள் என்று எழுதி வைக்கும் தணிக்கைப் பதிவு அந்தச் சர்வரில் அணைந்தே கிடந்தது, போன மாதம் நடந்ததை இன்று உட்கார்ந்து பதிவு செய்ய எந்தக் கட்டளையும் கிடையாது. கேட்டவர் முகம் இன்னும் நினைவிருக்கிறது. அதனால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்து முடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம், பதிவு ஓடுகிறதா என்று இப்போதே பார்த்து, ஓடவில்லை என்றால் ஓட விட்டுவிட்டு வந்து மீதியைப் படியுங்கள் (எப்படி என்பது கீழே 'உண்மையில் யார் திறந்தார்கள்' என்ற பகுதியில் இருக்கிறது).

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரு பெட்டியைத் திறக்க யாருக்கு உரிமை இருக்கிறது என்பது ஒன்று. உண்மையில் யார் திறந்தார்கள் என்பது இன்னொன்று. முதலாவதுக்கு அனுமதிப் பட்டியலைப் பார்க்க வேண்டும், அது எப்போது கேட்டாலும் கிடைக்கும். இரண்டாவதுக்கு லாக் வேண்டும், அது முன்கூட்டியே ஓடிக்கொண்டிருந்தால்தான் உண்டு. அனுமதிப் பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதை வைத்து "இவர்தான் படித்தார்" என்று சொல்லிவிடாதீர்கள், அது ஒருவரின் வேலையோடு விளையாடுகிற விஷயம்.

அப்புறம், வேலையைத் தொடங்கும் முன் நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கப் போவது யார் நுழைந்தார்கள் என்ற பதிவைத்தான், யாருடைய கடிதத்தையும் அல்ல. ஆனாலும் அந்தப் பதிவில் மெயில்களின் தலைப்பு வரிகள் வரும், அதிலேயே ஒருவரின் சொந்த விஷயம் இருக்கலாம்.

கட்டளைகளின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் எழுதியிருக்கிறேன், டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்சேஞ்சில் உரிமை யாரிடம் இருக்கிறது

எக்ஸ்சேஞ்ச் என்பது மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வர். ஒரே இடத்தில் பார்த்து முடிக்க முடியாது என்பதுதான் இங்கே தலைவலி. பெட்டியை முழுவதுமாகத் திறக்கும் ஃபுல் ஆக்சஸ் உரிமையை கெட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷன் காட்டும். அந்தப் பெயரிலேயே மெயில் அனுப்பும் சென்ட் ஆஸ் உரிமையை அது காட்டாது. உங்கள் சொந்த சர்வராக இருந்தால் அதற்கு கெட்-ஏடிபெர்மிஷன், மைக்ரோசாஃப்டின் மேகத்தில் ஓடும் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனாக இருந்தால் கெட்-ரெசிபியன்ட்பெர்மிஷன். 'இவர் சார்பாக' என்று போட்டு அனுப்பும் உரிமை இந்த இரண்டிலும் வராது, கெட்-மெயில்பாக்ஸ் தரும் விவரத்தில் கிராண்ட்சென்ட்ஆன்பிஹாஃப்டூ என்ற வரியில் தனியாக உட்கார்ந்திருக்கும்.

கெட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷனை ஓட்டியதும் நீளமாகப் பெயர்கள் வந்து விழும். செல்ஃப் என்பது உரிமையாளரே, விட்டுவிடுங்கள். டொமைன் அட்மின்ஸ் போன்ற பெரிய குழுக்களைப் பார்த்துப் பதற வேண்டாம், பக்கத்தில் டினை என்ற பத்தியைப் பாருங்கள், ட்ரூ என்று இருந்தால் அது கொடுத்த அனுமதி அல்ல, மறுத்த அனுமதி. எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீளமான எண் மட்டும் வந்தால் பெரும்பாலும் நீக்கப்பட்ட ஒரு கணக்கின் மிச்சம், துடைத்துவிடலாம்.

இந்த நீளத்தைச் சுருக்க, மேலிருந்து மரபாக வந்த அனுமதிகளை வடிகட்டிவிட்டு நேரடியாகக் கொடுத்ததை மட்டும் பார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். இஸ்இன்ஹெரிட்டட் ஃபால்ஸ் என்று போட்டால் பட்டியல் அழகாகச் சுருங்கிவிடும். நானும் பல காலம் அப்படித்தான் செய்தேன், அது தப்பு. தரவுத்தள மட்டத்தில் ஒரு கணக்குக்கு ரிசீவ் ஆஸ் உரிமை கொடுத்திருந்தால், அந்தத் தரவுத்தளத்தில் இருக்கும் அத்தனை பெட்டிகளையும் அது திறக்கும், ஒவ்வொரு பெட்டியிலும் மரபாக வந்த அனுமதியாகவே தெரியும், நீங்கள் வடிகட்டியதில் அதுவும் சேர்ந்து போய்விடும். பழைய பேக்கப் மென்பொருளுக்கும், ஒரு காலத்தில் பெட்டிகளை இடம் மாற்ற உதவிய கருவிக்கும் இப்படிக் கொடுத்து, வேலை முடிந்த பிறகு யாரும் எடுக்காமல் விட்டிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு தரவுத்தளத்தின் மேலும் கெட்-ஏடிபெர்மிஷனை ஓட்டி ரிசீவ் ஆஸ் யாரிடம் இருக்கிறது என்று தனியாகப் பார்த்தே ஆக வேண்டும்.

குழுவுக்குக் கொடுத்த அனுமதியும் இதே மாதிரி மறைந்திருக்கும். பட்டியலில் 'உதவி மையம்' என்று ஒரே பெயர்தான் தெரியும், அந்தக் குழுவுக்குள் இன்னொரு குழு, அதற்குள் இன்னொன்று, கடைசியில் பிரித்துப் பார்த்தால் பதினோரு பேர், அதில் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். நான் பார்த்த ஒரு இடத்தில் இயக்குநரின் பெட்டியே அப்படித் திறந்து கிடந்தது, கொடுத்தவருக்கே நினைவில்லை. கெட்-ஏடிகுரூப்மெம்பர் கட்டளையோடு ரிக்கர்சிவ் என்பதைச் சேர்த்தால் உள்ளே இருக்கும் ஆட்கள் வரை பிரித்துக் கொடுத்துவிடும். அறிக்கையில் குழுவின் பெயரை எழுதாதீர்கள், ஆட்களின் பெயரை எழுதுங்கள்.

அடுத்து ஃபோல்டர் மட்டம். ஃபுல் ஆக்சஸ் இல்லாமலேயே இன்பாக்ஸை மட்டும் ஒருவருக்குத் திறந்துவிடலாம், அதை அவுட்லுக்கிலிருந்து பயனரே செய்யலாம், அட்மினுக்குத் தெரியவே தெரியாது. கெட்-மெயில்பாக்ஸ்ஃபோல்டர்பெர்மிஷன் இதைக் காட்டும். இதில் டிஃபால்ட் என்ற வரிதான் முக்கியம், அது ஒரு ஆள் அல்ல, நிறுவனத்தில் இருக்கும் எல்லோரும். இன்பாக்ஸில் அந்த வரிக்கு நேராக ரிவ்யூவர் என்று இருந்தால் அலுவலகம் முழுவதும் அந்தப் பெட்டியைப் படிக்கலாம் என்று அர்த்தம். யாரோ ஒருவர் சக ஊழியருக்குப் பகிர நினைத்து, பெயரைச் சேர்க்காமல், மேலே ஏற்கெனவே இருக்கும் டிஃபால்ட்டை மாற்றிவிட்டிருப்பார். காலண்டரில் டிஃபால்ட்டுக்கு நேரம் காலியா என்பது மட்டும் தெரிவது சகஜம்தான், இன்பாக்ஸில் அப்படி எதுவும் இருக்கக் கூடாது. வேறு மொழியில் அமைத்த பெட்டிகளில் இன்பாக்ஸின் பெயரே மாறியிருக்கும், ஸ்கிரிப்ட் பிழை காட்டிவிட்டு அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடும், எனவே கெட்-மெயில்பாக்ஸ்ஃபோல்டர்ஸ்டாட்டிஸ்டிக்ஸிலிருந்து பெயரை எடுத்து ஓட்டுங்கள்.

கடைசியாக, எல்லாப் பெட்டிகளின் சாவியும் கையில் இருக்கும் கணக்குகள். சொந்த சர்வரில் அப்ளிகேஷன்இம்பர்சனேஷன் என்ற ரோல் யாரிடம் இருக்கிறது என்று கெட்-மேனேஜ்மென்ட்ரோல்அசைன்மென்டில் கேளுங்கள், அதை வைத்திருக்கும் கணக்கு எந்தப் பயனராகவும் வேடம் போட்டு உள்ளே போகலாம். மெயில்பாக்ஸ் இம்போர்ட் எக்ஸ்போர்ட் ரோலையும் பாருங்கள், அது இருந்தால் ஒரு பெட்டியை முழுசாக பிஎஸ்டி கோப்பாக இறக்கிவிடலாம், இயல்பில் அந்த ரோல் யாருக்கும் கொடுக்கப்பட்டிருக்காது, எனவே பட்டியலில் பெயர் வந்தால் யாரோ கொடுத்ததுதான். மேகத்தில் இருப்பவர்கள் என்ட்ராவில் (மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாகச் சேவை) பதிவான செயலிகளில் மெயில் ரீட், மெயில் ரீட்ரைட், ஃபுல் ஆக்சஸ் ஆஸ் ஆப் போன்ற அனுமதிகள் 'அப்ளிகேஷன்' வகையாக எதற்கு இருக்கின்றன என்று பாருங்கள். அங்கே ஒரு செயலிக்கு அப்படி அனுமதி கொடுத்து, எந்தெந்தப் பெட்டிகள் என்று எல்லை போடாமல் விட்டால் அது எல்லாவற்றையும் படிக்கும், மெயில்பாக்ஸ் அனுமதிப் பட்டியல் எதிலும் அதன் பெயர் வராது.

ஃபார்வர்டையும் மறக்க வேண்டாம். பெட்டிக்குள் ஒருவர் வராமலேயே மெயில் அவரிடம் போய்க்கொண்டிருக்கும். பெட்டியின் விவரத்தில் ஃபார்வர்டிங்அட்ரஸ், ஃபார்வர்டிங்எஸ்எம்டிபிஅட்ரஸ் இரண்டையும், கெட்-இன்பாக்ஸ்ரூலில் ஃபார்வர்ட், ரீடைரக்ட் விதிகளையும் பாருங்கள், மறைந்திருக்கும் விதிகளையும் காட்ட இன்க்ளூட்ஹிட்டன் என்று சேருங்கள்.

உண்மையில் யார் திறந்தார்கள்

பலரும் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது கெட்-மெயில்பாக்ஸ்ஸ்டாட்டிஸ்டிக்ஸ் காட்டும் கடைசியாக நுழைந்த நேரத்தையும் கணக்கையும். அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். சர்வரின் சொந்த உதவி நிரல்கள் பெட்டிக்குள் போய் வந்தாலும் அந்த நேரம் மாறும். விடுப்பில் போன ஒருவரின் பெட்டி நள்ளிரவில் திறந்ததாகக் காட்டியதைப் பார்த்து ஒரு நாள் முழுக்க ஓடியிருக்கிறேன், கடைசியில் அது சர்வரின் வேலை.

நம்பக்கூடியது மெயில்பாக்ஸ் ஆடிட் லாக், தொடக்கத்தில் சொன்ன தணிக்கைப் பதிவு இதுதான். சொந்த சர்வரில் அது இயல்பாக ஓடாது, செட்-மெயில்பாக்ஸ் கட்டளையில் ஆடிட்எனேபிள்ட் என்பதை ஒவ்வொரு பெட்டிக்கும் ட்ரூ ஆக்க வேண்டும். புதிதாக உருவாகும் பெட்டிகளுக்கும் வர வேண்டும் என்பதால் தினம் ஒரு முறை ஓடும் ஸ்கிரிப்டாகப் போட்டுவிடுங்கள். பதிவு 90 நாள் இருக்கும், ஆடிட்லாக்ஏஜ்லிமிட்டில் நீட்டிக்கலாம். எக்ஸ்சேஞ்ச் ஆன்லைனில் 2019-இலிருந்து இயல்பாகவே ஓடுகிறது, ஆனாலும் கெட்-ஆர்கனைசேஷன்கான்ஃபிகில் ஆடிட்டிசேபிள்ட் ஃபால்ஸ் என்றுதான் இருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். அங்கே சாதாரண உரிமத்தில் பதிவு 180 நாள் நிற்கும், 2023 அக்டோபருக்கு முன் 90 தான்.

பதிவில் நுழைந்தவர் மூன்று வகையாக வருவார்: ஓனர் (உரிமையாளர்), டெலிகேட் (அனுமதி பெற்ற வேறொருவர்), அட்மின். இந்த அட்மின் என்ற பெயரைப் பார்த்து ஏமாறாதவர்கள் குறைவு. ஒரு நிர்வாகி தனக்கே ஃபுல் ஆக்சஸ் கொடுத்துக்கொண்டு ஒரு பெட்டியைத் திறந்தால் அது அட்மின் என்று பதிவாகாது, டெலிகேட் என்றுதான் பதிவாகும். அட்மின் என்பது இ-டிஸ்கவரி தேடல் (பல பெட்டிகளை ஒன்றாகத் தேடும் வசதி), எக்ஸ்போர்ட், எம்எஃப்சிமாப்பி (பெட்டியின் உள்ளமைப்பைக் காட்டும் நிரல்) போன்ற கருவி வழியாக வந்தது மட்டும். ஆகவே "அட்மின்கள் யாராவது நோண்டினார்களா" என்று தேடும்போது அட்மின் வகையை மட்டும் கேட்டால் வெறும் பக்கம்தான் வரும், நீங்களும் ஒன்றுமில்லை என்று நினைத்து மூடிவிடுவீர்கள்.

சொந்த சர்வரில் சர்ச்-மெயில்பாக்ஸ்ஆடிட்லாக் கட்டளையில் (மேகத்தில் அதற்குப் பதில் சர்ச்-யூனிஃபைட்ஆடிட்லாக்) பெட்டி, தேதி, லாகான் வகை, ஷோடீடெயில்ஸ் எல்லாம் கொடுத்தால் யார், எந்த ஐபி, எந்த மென்பொருள், எந்த ஃபோல்டர், என்ன செய்தார் என்று வரும். சொந்த சர்வரில் ஒரு குறை உண்டு: டெலிகேட்டாக வந்தவர் எந்த மெயிலைத் திறந்தார் என்று பதிவாகாது, ஆடிட்டெலிகேட் அமைப்பில் ஃபோல்டர்பைண்ட் என்பதைச் சேர்த்திருந்தால் ஃபோல்டரைத் திறந்தது மட்டும் அந்தப் பெயரில் பதிவாகும், அதுவும் ஒரு ஃபோல்டருக்கு 24 மணி நேரத்தில் ஒரு வரிதான். ஒரே ஒரு வரி இருக்கிறது என்பதால் ஒரே ஒரு முறைதான் வந்தார் என்று எழுதிவிடாதீர்கள்.

மேகத்தில் மெயில்ஐட்டம்ஸ்அக்செஸ்ட் என்ற பதிவு இந்தக் குறையைத் தீர்க்கிறது, மெயில் ஒவ்வொன்றாகத் திறந்ததையும், ஒரு ஃபோல்டரையே மொத்தமாகக் கணினிக்கு இறக்கியதையும் அது சொல்லும். இதன் அருமை 2023-இல் எல்லோருக்கும் தெரிந்தது. ஸ்டார்ம்-0558 என்று மைக்ரோசாஃப்ட் பெயரிட்ட கும்பல் அமெரிக்க அரசு அலுவலகங்களின் பெட்டிகளுக்குள் நுழைந்திருந்ததை, இந்தப் பதிவில் வழக்கமில்லாத ஒரு செயலி அடையாளத்தைப் பார்த்துத்தான் அங்குள்ள வெளியுறவுத் துறை கண்டுபிடித்தது. அப்போது கூடுதல் பணம் கட்டிய உரிமத்தில் மட்டும்தான் அந்தப் பதிவு இருந்தது, கட்டாதவர்களுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அதற்குப் பிறகுதான் சாதாரண உரிமத்துக்கும் திறந்துவிட்டார்கள். ஒன்று மட்டும் கவனியுங்கள், ஒரு பெட்டியில் 24 மணி நேரத்துக்குள் ஆயிரத்துக்கு மேல் மெயில் திறந்த பதிவு வந்தால் அடுத்த 24 மணி நேரத்துக்கு அந்த வகைப் பதிவை நிறுத்திவிடும், இஸ்த்ராட்டில்ட் என்று குறித்திருக்கும். அந்தக் குறி இருந்தால் அந்த நேரத்தில் எல்லாமே படிக்கப்பட்டதாக எடுத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

பதிவு ஓடுகிறது என்பதாலேயே எல்லாம் பதிவாகிறது என்று அர்த்தமில்லை. கெட்-மெயில்பாக்ஸ்ஆடிட்பைபாஸ்அசோசியேஷன் ஓட்டி, ஆடிட்பைபாஸ்எனேபிள்ட் ட்ரூ என்று இருக்கும் கணக்குகளைத் தேடுங்கள். அந்தக் கணக்கு எந்தப் பெட்டிக்குள் என்ன செய்தாலும் ஒரு வரி விழாது. பேக்கப் கணக்கு லாக்கை நிரப்புகிறது என்று யாரோ போட்டிருப்பார்கள், அதே கணக்கின் பாஸ்வேர்ட் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். என்னைக் கேட்டால் இதில் ஒரு பெயர்கூட இருக்கக் கூடாது.

மெயில்பாக்ஸ் லாக்கோடு சேர்த்து, நிர்வாகிகள் ஓட்டிய கட்டளைகளைப் பதியும் அட்மின் ஆடிட் லாக்கையும் பாருங்கள். ஆட்-மெயில்பாக்ஸ்பெர்மிஷனை யார் எப்போது ஓட்டினார்கள், ரிமூவ்-மெயில்பாக்ஸ்பெர்மிஷனை எப்போது ஓட்டினார்கள் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரவு ஒன்பதுக்கு அனுமதி கொடுத்து ஒன்பதரைக்கு எடுத்துவிட்டால் மறுநாள் அனுமதிப் பட்டியல் சுத்தமாகத்தான் இருக்கும், இந்த லாக்கில் மட்டும்தான் அந்த அரை மணி நேரம் தெரியும். நேரம் சில இடங்களில் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், உங்கள் நேரத்துக்கு மாற்றாமல் "நள்ளிரவில் நுழைந்தார்" என்று எழுதி ஒருவரை மாட்டிவிடாதீர்கள்.

டவ்காட் ஓடும் லினக்ஸ் சர்வரில்

டவ்காட் என்பது லினக்ஸில் பயனர்களுக்கு அவர்கள் பெட்டியைத் திறந்துகொடுக்கும் மெயில் நிரல். இங்கே வேலை எளிது, ஆனால் தோண்ட வேண்டும். இந்த நிமிடம் யார் உள்ளே இருக்கிறார்கள் என்றால் டவ்அட்மின் ஹூ. லாக் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால் டவ்அட்மின் லாக் ஃபைண்ட். அங்கே ஐமேப்-லாகின் என்று தொடங்கும் வரியில் பயனர் பெயர், வந்த ஐபி, செஷன் எண் இருக்கும். அந்த செஷன் எண்ணை வைத்துக்கொண்டு அதே ஆள் வெளியேறிய வரியைத் தேடுங்கள், அதில் பாடி_கவுண்ட் என்று ஒரு எண் இருக்கும், எத்தனை மெயில்களின் உள்ளடக்கம் இறங்கியது என்பது அது. தினமும் முப்பது நாற்பது இறங்கும் பெட்டியில் ஒரு நாள் புது ஐபியிலிருந்து எட்டாயிரம் இறங்கியிருந்தால் அங்கே நின்று பாருங்கள், ஒருவேளை புது போனாக இருக்கலாம், உரிமையாளரைக் கேட்டால் தெரிந்துவிடும். பாப்3 என்றால் ரெட்ர் என்ற எண்.

வெப்மெயிலில் வருபவர்கள் எல்லோரும் 127.0.0.1 என்று ஒரே ஐபியில் தெரிவார்கள், ஏனென்றால் டவ்காட்டைப் பொறுத்தவரை பேசுவது வெப்மெயில் நிரல்தான். ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் நிரலில் லாக்_லாகின்ஸ் என்பதை ட்ரூ ஆக்கினால் உண்மையான ஐபி அதன் சொந்த லாக்கில் விழும்.

மாஸ்டர் யூசர் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஒரே பாஸ்வேர்டில் எல்லாப் பெட்டிக்குள்ளும் போகும் கணக்கு அது. வழக்கமான லாகின் வரியில் பெட்டி உரிமையாளரின் பெயர்தான் விழும், உள்ளே போனது மாஸ்டர் என்று தெரியாது. லாகின்_லாக்_ஃபார்மட்_எலிமென்ட்ஸ் அமைப்பில் ஆத்_யூசர் என்ற மாறியைச் சேருங்கள், அப்போது உண்மையில் பாஸ்வேர்ட் கொடுத்தது யார் என்று வரும். பகிர்ந்த ஃபோல்டர்கள் இருந்தால் அவற்றை யார் திறக்கலாம் என்று டவ்அட்மின் ஏசிஎல் கெட் காட்டும்.

டவ்காட்டையே தொடாமல், எஸ்எஸ்ஹெச்சில் வந்து கோப்பை நேரடியாகத் திறந்து படிக்கும் ரூட் அதிகாரம் உள்ளவர் எந்த மெயில் லாக்கிலும் வரமாட்டார். அதற்கு ஆடிட்டி, யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று லினக்ஸில் பதியும் தணிக்கை நிரல். மெயில் இருக்கும் அடைவின் மேல் படித்தலைக் கவனிக்கும் ஒரு விதி போடுங்கள். அப்படியே போட்டால் டவ்காட் படிக்கும் ஒவ்வொரு கோப்பும் பதிவாகி டிஸ்க் நிரம்பிவிடும், அதனால் ஏயுஐடி 1000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், 'அன்செட்' ஆக இருக்கக் கூடாது என்று இரண்டு நிபந்தனை சேருங்கள். ஏயுஐடி என்பது ஒருவர் முதலில் எந்தக் கணக்கில் நுழைந்தாரோ அந்த எண், பிறகு சுடு போட்டு ரூட் ஆனாலும் அது மாறாது. சேவையாகத் தொடங்கிய டவ்காட்டுக்கு அது இருக்காது. எனவே விதியில் சிக்குவது தன் கணக்கில் உள்ளே வந்த மனிதர்கள் மட்டும், ரூட்டாக மாறியிருந்தாலும் அவர் பெயரோடு. நேரடியாக ரூட்டாகவே நுழைய விட்டிருந்தால் ஏயுஐடி 0 ஆகிவிடும், விதியில் சிக்காது, யார் என்றும் தெரியாது, முதலில் அந்த வழியை மூடுங்கள். பிறகு ஆடிட்டியின் தேடல் கட்டளையான ஏயுசர்ச்சில் விதிக்குக் கொடுத்த சாவிச் சொல்லைப் போட்டுத் தேடினால் போதும்.

லாக்கை அதே சர்வரில் மட்டும் வைத்திருக்காதீர்கள். பெட்டியைத் திறக்கும் அதிகாரம் உள்ளவருக்கு லாக்கை அழிக்கும் அதிகாரமும் இருக்கும், வேறு அட்மின் பார்த்துக்கொள்ளும் இன்னொரு கணினிக்கு உடனுக்குடன் அனுப்புங்கள். டெபியன் வகை அமைப்புகளில் மெயில் லாக் பழக்கமாக நான்கு வாரத்தில் சுழன்று போய்விடும், கேள்வி வருவதோ மூன்று மாதம் கழித்து.

மாதம் ஒரு முறை

அனுமதிப் பட்டியலை மாதம் ஒரு முறை சிஎஸ்வியாக எடுத்து, போன மாதக் கோப்போடு ஒப்பிடுங்கள். முழுப் பட்டியலையும் ஒவ்வொரு மாதமும் படிக்க யாராலும் முடியாது, மாறிய வரிகளை மட்டும் படிக்க பத்து நிமிடம் போதும். மாறிய ஒவ்வொரு வரிக்கும் யார் கேட்டார், எதற்கு, எப்போது எடுக்க வேண்டும் என்று பக்கத்தில் எழுதுங்கள். பதில் கிடைக்காத வரியை பெட்டியின் உரிமையாளரிடம் கேளுங்கள், அட்மினிடம் அல்ல, அவருடைய கடிதங்கள் அவை.

எல்லாம் அமைத்த பிறகு ஒரு சோதனைப் பெட்டிக்கு இன்னொரு சோதனைக் கணக்கால் ஃபுல் ஆக்சஸ் எடுத்து, திறந்து, ஒரு மெயிலை அழித்துவிட்டு வந்து, லாக்கில் தேடுங்கள். உடனே வராது, மேகத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். மறுநாள் காலையிலும் வரவில்லை என்றால் பதிவு ஓடவில்லை, மேலே சொன்ன பைபாஸிலிருந்து தொடங்குங்கள்.